சிவப்புச் சீட்டு: எண்பது நிமிஷமா, இருபது நிமிஷமா?

பல்லாங்குழி ஆடுகிற வீட்டில் சட்டத் தகராறு இல்லாமல் இருந்ததுண்டா? "குழியில் நாலு சேர்ந்தால் பசு, எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்" என்பாள் ஒருத்தி. "அதெல்லாம் உங்கள் ஊரில்! எங்கள் ஊர் வழக்கமே வேறு" என்பாள் புதிதாக வந்த நாட்டுப்பெண். தாயக்கட்டை உருட்டினாலும் இதே கதைதான். "தாயம் விழாமல் காயை எப்படி இறக்கினாய்?" என்று கிளம்பும். கடைசியில் வீட்டுப் பெரியவள் ஒருத்தி ஊஞ்சலில் இருந்தபடியே தீர்ப்புச் சொல்வாள். தோற்றவள் முணுமுணுத்துக்கொண்டே சோழிகளைப் பொறுக்குவாள். அத்துடன் சரி.

ஊஞ்சலில் இருக்கும் பெரியவளுக்குப் பதிலாக ஒரு கிரிமினல் வக்கீல் நடுவராக நின்றால் எப்படி இருக்கும்? சுற்றிலும் எண்பதாயிரம் பேர் உட்கார்ந்து கத்தினால்? அவர் சொன்ன தீர்ப்பை வருஷக்கணக்காகத் தேசத்துக்குத் தேசம் பேசிக்கொண்டே இருந்தால்? ரக்பி என்ற ஆட்டத்தின் உலகக் கோப்பைப் பந்தயங்களில் இதுதான் நடக்கிறது. ஆட்டம் எண்பது நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. சர்ச்சை மட்டும் முடிகிற வழியாக இல்லை.

அப்படி என்னதான் சர்ச்சை? வேடிக்கையாகத் தொடங்கும் இந்தப் பேச்சு எங்கேயோ போய் முடிகிறது. ஒரு மனிதனின் ஞாபகசக்தி வரையில் போகிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

முட்டைப் பந்தின் முறைகள்

ரக்பிப் பந்து உருண்டையாக இராது. முட்டை வடிவம். பக்கத்துக்கு 15 பேர். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், காலால் உதைக்கலாம். ஆனால் கையால் முன்பக்கம் எறியக் கூடாது. பக்கவாட்டில் கொடுக்கலாம், பின்னால் கொடுக்கலாம், அவ்வளவுதான். முன்னேற வேண்டுமானால் பின்னால் நிற்பவனை நம்ப வேண்டும் என்பது இந்த ஆட்டத்தின் விசித்திரமான தர்மம்.

பந்து வைத்திருப்பவனை எதிர்க் கோஷ்டிக்காரன் கட்டிப் பிடித்துத் தரையில் சாய்க்கலாம். அதற்கு டாக்கிள் என்று பெயர். பிடி தோளுக்கு மேலே போகக் கூடாது. நம் சர்ச்சைக்கு ஆணிவேர் இந்த ஒரு விதிதான்.

எதிரியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் "ட்ரை". அதற்கு 5 புள்ளி. அதைத் தொடர்ந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் மேலும் 2. எதிரி குற்றம் செய்தால் கிடைக்கும் தண்டனை உதைக்கு 3 புள்ளி.

ட்ரை என்றால் "முயற்சி" என்று அர்த்தம். ஆதியில் அதற்குப் புள்ளியே கிடையாது! கோட்டைத் தாண்டியவனுக்குக் கம்பத்தை நோக்கி உதைத்துப் பார்க்க ஓர் அனுமதி, அவ்வளவே. கல்யாணப் பந்தலுக்குள் நுழைய விட்டார்கள், ஆனால் இலை போடவில்லை என்கிற மாதிரி. பின்னால் ரஸிகர்களும் ஆட்டக்காரர்களும் வாதாடி வாதாடி அதன் மதிப்பு ஏறிக்கொண்டே வந்தது. 1971-ல் 4 ஆயிற்று. 1992-ல் 5 ஆயிற்று.

பாரிஸில் ஒரு மழை இரவு

2023-ம் வருஷம் அக்டோபர் 28-ந் தேதி. பாரிஸ் நகரை அடுத்த ஸ்தாத் த பிரான்ஸ் மைதானத்தில் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் தென்னாப்பிரிக்கா. மறு பக்கம் நியூஜிலாந்து. இரண்டுமே அதற்கு முன் மூன்று முறை கோப்பையை ஜெயித்த கோஷ்டிகள். மழையில் பந்து சோப்புக் கட்டியைப் போல வழுக்கியது.

ஆட்டம் தொடங்கி 28-வது நிமிஷம். நியூஜிலாந்துக் காப்டன் ஸாம் கேன், ஓடி வந்த ஜெஸ்ஸி க்ரீல் என்பவரைப் பிடிக்கப் போனார். போதுமான அளவு குனியவில்லை. அவருடைய தோள் க்ரீலின் தலையில் மோதியது. நடுவர் மஞ்சள் சீட்டைக் காட்டினார். மஞ்சள் சீட்டு என்றால் 10 நிமிஷம் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆனால் அந்த உலகக் கோப்பையில் புதிதாக ஓர் ஏற்பாடு இருந்தது. மைதானத்துக்கு வெளியே ஓர் அறை. அதற்கு "பங்கர்" என்று பெயர். அங்கே ஓர் அதிகாரி, எடுத்த படங்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து, 8 நிமிஷத்துக்குள் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கட்டுமா, சிவப்பாக மாற வேண்டுமா என்று முடிவு சொல்ல வேண்டும். சிவப்பு என்று முடிவு வந்தது. ஆண்களின் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் சிவப்புச் சீட்டு வாங்கிய முதல் மனிதர் என்ற பெயர் ஸாம் கேனுக்கு வந்து சேர்ந்தது. அவர் திரும்ப வரவில்லை. அவருக்குப் பதில் வேறு யாரும் வரவும் அன்றைய சட்டத்தில் இடமில்லை. நியூஜிலாந்து மீதி நேரம் முழுவதும் 14 பேரோடு ஆடிற்று.

இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் தென்னாப்பிரிக்கக் காப்டன் ஸியா கோலிஸியின் தலையும் நியூஜிலாந்தின் ஆர்டி ஸவியாவின் தலையோடு மோதியது. அவருக்கும் மஞ்சள். அதுவும் பங்கருக்குப் போயிற்று. ஆனால் மஞ்சளாகவே திரும்பி வந்தது. வேகம் குறைந்திருந்தது, மோதலின் கடுமை குறைவு என்பது காரணம். "அந்தக் காப்டனுக்குச் சிவப்பு, இந்தக் காப்டனுக்கு மஞ்சளா? இது என்ன நியாயம்?" என்று நியூஜிலாந்து ரஸிகர்கள் கொதித்தார்கள்.

கொதிப்பு அடங்குவதற்குள் இன்னொன்று. நியூஜிலாந்தின் ஆரன் ஸ்மித் கோட்டைத் தாண்டி ட்ரை போட்டார். மைதானம் அதிர்ந்தது. ஆனால் டெலிவிஷன் படத்தைப் பார்க்கும் உதவி நடுவர், அதற்குப் பல கட்டங்களுக்கு முன்பே ஸவியாவின் கையிலிருந்து பந்து முன்னால் நழுவியதைக் கண்டுபிடித்துச் சொன்னார். ட்ரை செல்லாது! பந்து நழுவியது நிஜம். அதில் தகராறு இல்லை. ஆனால் இரண்டு கட்டங்களுக்கு மேல் பின்னோக்கிப் போய்த் தேட அன்றைய முறையில் இடம் இல்லையே? உண்மை முக்கியமா, முறை முக்கியமா? கோர்ட்டுகளில் கேட்க வேண்டிய கேள்வி மதுக்கடைகளிலும் சாப்பாட்டு மேஜைகளிலும் கேட்கப்பட்டது.

சற்று நேரத்தில் போடன் பாரெட் வேறொரு ட்ரை போட்டார். அன்றைய ஆட்டத்தில் செல்லுபடியான ட்ரை அது ஒன்றுதான். ஆயினும் ஜெயித்தது தென்னாப்பிரிக்கா. கணக்கு 12–11. பன்னிரண்டு புள்ளிகளும் ஹாண்ட்ரே பொல்லார்ட் என்ற ஒருவர் காலால் உதைத்த நான்கு தண்டனை உதைகளில் வந்தவை. கடைசி நிமிஷங்களில் தென்னாப்பிரிக்காவின் செஸ்லின் கோல்பி மஞ்சள் சீட்டு வாங்கி நாற்காலியில் உட்கார்ந்து, பார்க்கப் பயந்துகொண்டு, சட்டைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார்.

அதற்கு முன் நடந்த கால் இறுதியில் தென்னாப்பிரிக்கா பிரான்ஸை வென்றதும் ஒரு புள்ளியில்தான். அரை இறுதியில் இங்கிலாந்தை வென்றதும் ஒரு புள்ளியில்தான். மூன்று ஆட்டமும் ஒவ்வொரு புள்ளியில் தீர்ந்தால் ரஸிகர்கள் சும்மா இருப்பார்களா? ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு சட்டத்தைத் தேடிப் பிடித்தார்கள்.

நடுவரின் குரல் காதிலே

மற்ற ஆட்டங்களிலும் நடுவரைத் திட்டுவது வழக்கம்தானே, ரக்பியில் மட்டும் இத்தனை சட்ட ஆராய்ச்சி ஏன் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. ரக்பி நடுவரின் சட்டையில் ஒலிவாங்கி பொருத்தியிருப்பார்கள். அவர் ஆட்டக்காரர்களோடு பேசுவது, உதவி நடுவரோடு யோசிப்பது எல்லாம் வீட்டில் டெலிவிஷன் பார்ப்பவர்களுக்குக் கேட்கும். மைதானத்தில் இருப்பவர்களும் சின்ன ரேடியோக் கருவி ஒன்றை வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டு கேட்கலாம். தீர்ப்பை மட்டுமல்ல, தீர்ப்புக்குக் காரணத்தையும் கேட்கிறார்கள். காரணத்தைக் கேட்டால் எதிர்வாதம் தோன்றாமல் இருக்குமா?

இன்னொரு விசேஷம்: இரண்டு கோஷ்டிகளின் ரஸிகர்களையும் பிரித்து உட்கார வைப்பதில்லை. பச்சைச் சட்டைக்காரருக்குப் பக்கத்தில் கறுப்புச் சட்டைக்காரர் இருப்பார். ஆகவே வாதத்துக்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. பக்கத்து நாற்காலியிலேயே கிடைத்துவிடுவார்.

இந்த வாதங்களால் பலனும் உண்டு. அதே உலகக் கோப்பையில் பிரான்ஸுக்கு எதிரான கால் இறுதியில், தென்னாப்பிரிக்காவின் டேமியன் வில்லெம்ஸ தம் எல்லைக்கு அருகே பந்தைப் பிடித்துச் சலுகை கோரினார். எல்லோரும் உதைத்து அனுப்புகிற இடம் அது. அவரோ "ஸ்க்ரம்" வேண்டும் என்று கேட்டார். ஸ்க்ரம் என்பது எட்டுக்கு எட்டுப் பேர் தலை குனிந்து முட்டித் தள்ளும் காட்சி. எதிரியைக் களைப்படையச் செய்யும் தந்திரம் இது. சட்டப்படி சரிதான், ஆனால் "இப்படியும் கேட்கலாமா?" என்று பாதி உலகம் அன்றுதான் தெரிந்துகொண்டது. வாதம் வலுத்தது. 2024 ஜூலையிலிருந்து அந்தச் சலுகை எடுக்கப்பட்டுவிட்டது.

பலன் உண்டு என்று சொன்னேன்; பாவமும் உண்டு. பாரிஸ் ஆட்டத்தின் நடுவர் வெய்ன் பார்ன்ஸ், முன்னே சொன்ன அந்த வக்கீல். நூற்றுக்கு மேற்பட்ட சர்வதேச ஆட்டங்களை நடத்தியவர். 2007-ல் கார்டிப் நகரில் பிரான்ஸிடம் நியூஜிலாந்து 20–18 என்று தோற்றபோதும் அவர்தான் நடுவர். முன்னால் எறிந்த பந்து ஒன்றை அன்று அவர் கவனிக்கவில்லை. பதினாறு வருஷமாக அந்தக் கோபம் ஆறவில்லை. பாரிஸ் ஆட்டத்துக்குப் பிறகு அவருடைய குடும்பத்துக்குக்கூட மிரட்டல்கள் வந்தன. முன்பே யோசித்து வைத்திருந்தபடி சில நாட்களில் அவர் ஓய்வு பெற்றார். டெலிவிஷன் உதவி நடுவர் டாம் ஃபோலிக்கு வந்த வசவுகள் அதற்கும் மேல். அந்த டிசம்பரில் அவர் சர்வதேச ஆட்டங்களிலிருந்து விலகிக்கொண்டார். சட்டத்தோடு சண்டை போடுவது ரஸனை. சட்டத்தை நடத்துபவரின் பெண்டாட்டி பிள்ளைகளோடு சண்டை போடுவது எந்த ஊர் ரஸனை?

காலெலும்பு உதையும் மூன்று வக்கீல்களும்

சட்ட வாதம் இந்த ஆட்டத்தோடு கூடப் பிறந்தது. இங்கிலாந்தில் ரக்பி என்ற ஊரில் உள்ள பள்ளிக்கூடத்தில் பிறந்த ஆட்டம் இது. 1845-ல் அதன் விதிகளை முதன்முதலில் எழுதி வைத்தவர்கள் வாத்தியார்கள் அல்ல, மூன்று மாணவர்கள்! 37 விதிகள் எழுதினார்கள்.

அந்தக் காலத்தில் எதிரியின் முழங்காலுக்குக் கீழே எலும்பில் பூட்ஸ் காலால் உதைப்பது ஆட்டத்தில் ஒரு பகுதி. "ஹாக்கிங்" என்று அதற்குப் பெயர். 1863-ல் லண்டனில் பல சங்கத்தார் கூடி எல்லோருக்கும் பொதுவாக விதிகள் வகுக்க உட்கார்ந்தபோது, இந்த உதையை எடுத்துவிடலாம் என்று பெரும்பாலோர் சொன்னார்கள். பிளாக்ஹீத் சங்கத்தைச் சேர்ந்த காம்ப்பெல் என்பவர் எழுந்து, உதையை எடுத்தால் ஆட்டத்தின் வீரமே போய்விடும், பிரெஞ்சுக்காரர்களை அழைத்து வந்து ஒரே வாரம் பழக்கினால்கூட உங்களை ஜெயித்துவிடுவார்கள் என்று பரிகாசம் பண்ணினார். அவருடைய சங்கம் கோபித்துக்கொண்டு வெளியேறிற்று. அங்கே தங்கியவர்களின் ஆட்டம் கால்பந்து ஆயிற்று. வெளியேறியவர்களின் வழி ரக்பி ஆயிற்று.

ஆனால் பாருங்கள், எட்டே வருஷத்தில், 1871-ல், ரக்பிக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தபோது, சட்டம் எழுதும் பொறுப்பு மூன்று வக்கீல்களிடம் போயிற்று. அவர்கள் எழுதிய சட்டத்திலும் காலெலும்பு உதை கிடையாது! எதற்காகக் கோபித்துக்கொண்டு வெளியே வந்தார்களோ, அதையே கைவிட்டார்கள். ஆட்டம் செத்தா போயிற்று? காம்ப்பெல் கேலி செய்த பிரெஞ்சுக்காரர்கள் 2007-லும் 2023-லும் உலகக் கோப்பையையே தங்கள் நாட்டில் நடத்தினார்கள்.

அதே 1871-ல் எடின்பரோவில் முதல் சர்வதேச ஆட்டம் நடந்தது. ஸ்காட்லாந்து இங்கிலாந்தை வென்றது. அதிலும் தகராறு! ஸ்காட்லாந்தின் ட்ரை ஒன்று செல்லுமா செல்லாதா என்று. அன்றைய நடுவர் ஆல்மண்ட், ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர். எது சரி என்று தமக்கே நிச்சயமில்லை என்று பின்னால் ஒப்புக்கொண்டார். சந்தேகம் வந்தால் யார் அதிகமாகக் கூச்சல் போடுகிறார்களோ அவர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்வது நல்லது என்பது அவர் கட்சி. வீட்டில் குழந்தைகளை வைத்து ஆள்பவர்களுக்கு இந்தத் தத்துவம் புதிதல்ல.

இந்த இரண்டு நாடுகளும் இன்றும் ஆண்டுதோறும் மோதிக்கொள்ளும் கோப்பை நம் நாட்டிலிருந்து போனது என்பது தெரியுமோ? கல்கத்தாவில் இருந்த வெள்ளைக்காரர்களின் ரக்பி சங்கம் 1878-ல் கலைந்தபோது, பாங்கியில் மிச்சம் இருந்த வெள்ளி ரூபாய்களை வாங்கி உருக்கிக் கோப்பை செய்து அனுப்பினார்கள். கைப்பிடி மூன்றும் நாகப் பாம்பு. மூடிமேல் யானை. பெயர் கல்கத்தாக் கோப்பை.

இரண்டு தாம்ஸன்கள்

இப்போது சிவப்புச் சீட்டுக்குத் திரும்பலாம். ஸாம் கேனுக்கு ஒரு வருஷம் முன்பே, பெண்கள் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் இதே சம்பவம் நடந்தது. 2022 நவம்பர் 12. நியூஜிலாந்தில் ஆக்லண்ட் நகரம். நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட கூட்டம். அதற்கு முன் தொடர்ந்து 30 ஆட்டங்களை ஜெயித்திருந்த இங்கிலாந்துப் பெண்கள், நியூஜிலாந்துப் பெண்களோடு மோதினார்கள். 18-வது நிமிஷத்தில் இங்கிலாந்தின் லிடியா தாம்ஸன் பிடிக்கப் போனபோது, நியூஜிலாந்தின் போர்ஷியா வுட்மன் என்ற ஓட்டக்காரியின் தலையோடு அவர் தலை மோதியது. சிவப்புச் சீட்டு. மீதி 62 நிமிஷமும் இங்கிலாந்து 14 பேரோடு போராடிற்று. முடிவு 34–31. மூன்றே புள்ளியில் தோல்வி.

"ஒருத்தி செய்த பிசகுக்கு மீதி 14 பேரையும் தண்டிக்கலாமா? நாலு வருஷம் பாடுபட்டு வந்தவர்களாயிற்றே!" என்று ரஸிகர்கள் உருகினார்கள். உருக வேண்டியதுதான். ஆனால் அன்றைய பேச்சில் ஒரு பெயர் அவ்வளவாக அடிபடவில்லை. தலையில் அடிபட்ட போர்ஷியா வுட்மனும் அன்று ஆட்டத்துக்குத் திரும்ப வரவில்லை. அவரும் அந்தக் கோப்பைக்காகத்தான் பாடுபட்டிருந்தார். சொந்த ஊர்க் கூட்டம் ஆரவாரம் செய்ய, இறுதி ஆட்டத்தின் முக்கால் பங்கு அவர் இல்லாமலே நடந்தது. சிவப்புச் சீட்டு வாங்கியவர் உட்கார்ந்த நாற்காலியைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

தலையில் மோதினால் அப்படி என்ன ஆகிவிடும்? தயிர்ப் பானையைக் குலுக்கினால் பானை உடையாது. உள்ளே இருக்கும் தயிர் கலங்கிவிடும். மண்டையோட்டுக்குள் மூளையின் நிலையும் கிட்டத்தட்ட அதுதான். வெளியே காயம் தெரியாது, ரத்தம் வராது. ஒரு முறை கலங்கினால் தெளிந்துவிடலாம். வருஷக்கணக்கில் கலங்கிக்கொண்டே இருந்தால்?

அதற்கு இன்னொரு தாம்ஸன் பதில் சொல்கிறார். ஸ்டீவ் தாம்ஸன். 2003 நவம்பர் 22-ந் தேதி ஸிட்னி நகரில் இங்கிலாந்து உலகக் கோப்பையை ஜெயித்த கோஷ்டியில் இருந்தவர். ஆஸ்திரேலியாவோடு ஆட்டம் சமமாகி, கூடுதல் நேரமும் முடியப் போகிற தறுவாய். எல்லைக்கு வெளியே போன பந்தை உள்ளே எறிந்தவர் இந்த ஸ்டீவ் தாம்ஸன். அந்தப் பந்துதான் கை மாறிக் கை மாறி ஜானி வில்கின்ஸனிடம் போயிற்று. அவர் வலது காலால் உதைத்த அந்த உதையில் இங்கிலாந்து 20–17 என்று ஜெயித்தது. இங்கிலாந்தில் அந்த நிமிஷத்தை மறந்த ரஸிகர் இருக்க மாட்டார்.

2020 டிசம்பரில் ஸ்டீவ் தாம்ஸன் தமக்கு நினைவிழக்கும் நோய் கண்டிருப்பதை வெளியிட்டார். அப்போது வயது 42. உலகக் கோப்பையை ஜெயித்தது தமக்கு ஞாபகமே இல்லை என்றார். படத்தில் தம்மையே பார்க்கிறார். வேறு யாரோ ஆடுவது போல இருக்கிறதாம். அவரும் வேறு பல மாஜி ஆட்டக்காரர்களும் ரக்பியை ஆளும் சங்கங்கள்மீது வழக்குத் தொடர்ந்தார்கள். எங்கள் மூளையைக் காப்பாற்ற வேண்டிய அளவு நீங்கள் காப்பாற்றவில்லை என்பது அவர்கள் பிராது.

தோளுக்கு மேல் பிடித்தால் ஏன் இத்தனை கடுமை என்பது இப்போது விளங்கும். நிமிர்ந்து நின்று பிடிக்கப் போனால் தலையோடு தலை மோதும். பிடிபடுகிறவனைவிடப் பிடிக்கிறவனுக்கே அபாயம் அதிகம். குனிந்து இடுப்பைப் பிடித்தால் இரண்டு தலையும் தப்பும். "குனி, குனி" என்று ஆட்டக்காரனுக்குச் சொல்லிக்கொடுக்கும் உபாத்தியாயர்தான் சிவப்புச் சீட்டு.

இருபது நிமிஷக் கட்சி

ஆனால் மறுகட்சிக்கும் நியாயம் இல்லாமல் இல்லை. நியூஜிலாந்தும் ஆஸ்திரேலியாவும் வெகு நாளாக ஒரு யோசனை சொல்லிவந்தன. சிவப்புச் சீட்டு வாங்கியவர் திரும்ப வர வேண்டாம். ஆனால் 20 நிமிஷம் கழிந்ததும் அவருக்குப் பதிலாக வேறொருவர் வரட்டும். குற்றம் செய்தவருக்குத் தண்டனை உண்டு. கோஷ்டிக்கும் 20 நிமிஷத் தண்டனை உண்டு. ஆனால் காசு கொடுத்துப் பார்க்க வந்த ஜனங்களின் ஆட்டம் கெட வேண்டாம். வேண்டுமென்றே முரட்டுத்தனமாக அடித்தவனுக்கு மட்டும் பழைய முழுச் சிவப்பு இருக்கட்டும் என்றார்கள்.

பிரான்ஸும் அயர்லாந்தும் இதை எதிர்த்தன. "20 நிமிஷம்தானே என்று பயிற்சியாளர்கள் கணக்குப் போடத் தொடங்குவார்கள், பயம் போய்விட்டால் குனிகிற பழக்கமும் போய்விடும்" என்பது எதிர்வாதம். 2024 நவம்பரில் உலக ரக்பிச் சங்கத்தின் சபை, 2025 முதல் இதைப் பரீட்சார்த்தமாக நடத்திப் பார்க்கத் தீர்மானித்தது.

விதி எப்படி விளையாடுகிறது பாருங்கள். 2025 பிப்ரவரி 22-ந் தேதி கார்டிப்பில் வேல்ஸும் அயர்லாந்தும் ஆடின. அயர்லாந்தின் காரி ரிங்ரோஸ் தலையில் மோதிச் சிவப்புச் சீட்டு வாங்கினார். 20 நிமிஷம் கழிந்ததும் மாற்று ஆட்டக்காரர் உள்ளே வந்தார். அயர்லாந்து 27–18 என்று ஜெயித்தது. வேண்டாம் என்று சொன்ன விருந்தில் முதல் பந்தியில் உட்கார்ந்த கதைதான்! வேல்ஸ் ரஸிகர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிரிப்பில் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது.

எந்தக் கட்சி சரி? காலெலும்பு உதையை எடுத்தபோதும் "ஆட்டம் போச்சு" என்றார்கள். ஆட்டம் போகவில்லை. ஆகவே அந்தக் கூக்குரலுக்குப் பயப்பட வேண்டியதில்லை. அதே சமயம், கைதவறிச் செய்ததற்கும் கைவைத்துச் செய்ததற்கும் ஒரே தண்டனை என்பதும் நியாயம் ஆகாது. சட்டத்தை எடைபோடுவதற்கு இறுதி ஆட்டம் சரியான தராசு அல்ல. திங்கட்கிழமைக் காலையில் ஏதோ ஓர் ஊர்ப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் பயிற்சியாளர் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் எவ்வளவு தாழக் குனிந்து பிடிக்கச் சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். அங்கே பிள்ளைகள் குனிந்தால் 20 நிமிஷச் சட்டம் நல்ல சட்டம். நிமிர்ந்தால், எண்பது நிமிஷமே மேல்.

பல்லில் எரியும் விளக்கு

ரக்பியில் எழுதாத சட்டம் ஒன்றும் வெகு காலம் இருந்தது: இது பெண்கள் ஆட்டம் அல்ல என்பது. 1991-ல் இங்கிலாந்தில் நான்கு பெண்கள், சர்வதேசச் சங்கத்தின் அங்கீகாரம் இல்லாமலே, வேல்ஸில் முதல் பெண்கள் உலகக் கோப்பையை நடத்திக் காட்டினார்கள். ஸோவியத் நாட்டுப் பெண்கள் கையில் பணமில்லாமல், வழிச் செலவுக்கு விற்பதற்காக மதுப்புட்டிகளும் பொம்மைகளும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். இறுதி ஆட்டத்தில் அமெரிக்கா இங்கிலாந்தை 19–6 என்று வென்றது. அந்த நால்வரில் ஒருவரான டெபோரா கிரிபின், 2025-ல் இங்கிலாந்து ரக்பிச் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார்.

அதே 2025 செப்டம்பர் 27-ந் தேதி லண்டனில் ட்விக்கன்ஹாம் மைதானத்தில் பெண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நடந்தது. வந்தவர்கள் 81,885 பேர். பெண்கள் ரக்பியில் அதுவரை அவ்வளவு கூட்டம் சேர்ந்ததே இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் மூன்று புள்ளியில் இழந்த கோப்பையை, கனடாவை 33–13 என்று வென்று இங்கிலாந்துப் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தப் பந்தயத்தில் ஒரு புதுமை. அணிய இசைந்த பெண்களுக்குப் பல்லில் மாட்டும் காப்பு ஒன்று கொடுத்திருந்தார்கள். அதற்குள் மோதலின் வேகத்தை அளக்கும் சின்னக் கருவி. தலையில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் அதிர்ச்சி பட்டால் காப்பில் சிவப்பு விளக்கு பளிச் பளிச்சென்று எரியும். உடனே அந்தப் பெண் வெளியே போய் வைத்தியப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும்.

2027-ல் ஆண்களின் கோப்பை ஆஸ்திரேலியாவில் 24 கோஷ்டிகளுடன் நடக்க ஏற்பாடாகியிருக்கிறது. எந்த ட்ரை செல்லும், எந்தச் சீட்டு என்ன நிறம் என்று அப்போதும் ரஸிகர்கள் விடிய விடிய வாதாடுவார்கள். வாதாடட்டும், அதுதான் அவர்களுக்குப் பாதி ஆட்டம். ஆனால் பல்லில் அந்தச் சின்ன விளக்கு எரிந்துவிட்டால் மட்டும், சொந்தக் கோஷ்டி ஒரு புள்ளியில் பின்தங்கியிருந்தாலும் சரி, அவர்கள் வாதத்தை நிறுத்திவிட்டுக் கை தட்டி ஆட்டக்காரரை உள்ளே அனுப்பிவைக்க வேண்டும். பிற்பாடு அந்த ஆட்டத்தை அவர்களைப் போலவே அவரும் ஞாபகம் வைத்திருக்க வேண்டாமா?